குடோன் மேனேஜரா இருந்துக்கிட்டே ஞாயித்துக்கிழமை நிம்மதியா கேரம் ஆடறது எப்படி

மாதவரம், செங்குன்றம் பக்கம் குடோன் பொழப்புல ரொம்ப வருஷமா இருக்கேன். புதுசா மேனேஜர் ஆனவங்க வந்து எந்த சாஃப்ட்வேர் நல்லது, ஆளுங்களை எப்படி சமாளிக்கறதுன்னு கேப்பாங்க. அதெல்லாம் சரி, ஞாயித்துக்கிழமை ஃபோனை பாக்கெட்ல போட்டுட்டு ஒரு ரெண்டு மணி நேரம் கேரம் ஆட உக்காந்தா உங்க குடோன் நீங்க இல்லாம ஓடுமா, அதை முதல்ல சொல்லுங்கன்னு நான் திருப்பிக் கேப்பேன். ஓடலைன்னா திங்கள்ல இருந்து சனி வரைக்கும் எங்கயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம், அதை அடைக்கற வழியத்தான் இங்க எழுதறேன்.

ஓட்டை பெரும்பாலும் இன்வர்ட்ல, அதாவது சரக்கு உள்ள வர்ற கட்டத்துல இருக்கும். ஸ்டாக் டேலி ஆகலைன்னா உடனே திருட்டுன்னு நினைப்போம், ஆனா நான் பாத்தவரைக்கும் முக்கால்வாசி மிஸ்மேட்ச் வண்டி இறக்கற அன்னிக்கே பொறக்குது. அதனால வண்டி டாக்ல, அதாவது சரக்கு இறக்கற மேடைல நின்னதும் எல்ஆர்ல (லாரிக்காரர் குடுக்கற சரக்கு ரசீது) இருக்கற சீல் நம்பரும் கதவுல தொங்கற சீல் நம்பரும் ஒண்ணான்னு பாத்து, வெட்டறதுக்கு முன்னாடி ஃபோட்டோ எடுக்கணும். கதவை ஒரு பக்கம் மட்டும் மெதுவா திறக்கச் சொல்லுங்க, வழியில குலுங்கி சாஞ்ச பெட்டி லோடுமேன் தலைமேலயே விழும். எண்ணறது டாக்லயே முடியணும், ரேக்ல ஏத்திட்டு எண்ணிக்கலாம்ங்கற பேச்சே வேணாம். ஷார்ட்டேஜோ டேமேஜோ இருந்தா டிரைவர் நிக்கும்போதே எல்ஆர்ல எழுதி அவர் கையெழுத்தையும் வாங்கிடுங்க, வண்டி கேட்டைத் தாண்டிட்டா க்ளெய்முக்கு நாயா அலையணும்.

இன்னொண்ணு, இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். கம்பெனிக்காரன் சொல்லாம கொள்ளாம பேக்கிங்கை மாத்துவான், போன மாசம் பெட்டிக்கு 12 பீஸ் வந்த அதே ஐட்டம் இந்த மாசம் 24 பீஸா வரும், பெட்டி கலரும் சைஸும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், பையன் பெட்டியை எண்ணி பழைய கணக்குலயே பெருக்கி ஜிஆர்என் (சரக்கு வந்த வரவுச் சீட்டு) போட்டுடுவான். அதனால ஒவ்வொரு லாட்லயும் ஒரு பெட்டியைப் பிரிச்சு உள்ள எத்தனைன்னு பாக்கறதை கட்டாயம் ஆக்குங்க.

இறக்கின சரக்கு அதே ஷிஃப்ட்ல பின் லொக்கேஷனுக்கு, அதாவது ரேக்ல அதுக்குன்னு நம்பர் போட்ட இடத்துக்குப் போயிடணும், டாக்ல "அப்புறம் ஏத்திக்கலாம்"னு விட்ட பேலட்தான் (பெட்டிங்களை அடுக்கற பலகை) ராத்திரி தப்பான வண்டில ஏறி சேலம் போய்ச் சேரும். சைக்கிள் கவுண்ட்ல, அதாவது ஸ்டாக்கைக் கொஞ்சம் கொஞ்சமா சுழற்சில எண்றதுல, வேகமா போற ஏ ஐட்டத்தை வாரா வாரம் எண்ணுங்க, மெதுவா போற சி ஐட்டம் மூணு மாசத்துக்கு ஒருதரம் போதும். எண்ணப் போறவன் கைல குடுக்கற ஷீட்ல மட்டும் சிஸ்டம் ஸ்டாக்கை போட்டுடாதீங்க. 480ன்னு அச்சடிச்சுக் குடுத்தா மேல் ரேக் வரைக்கும் எவன் ஏறிப் பாப்பான், அவனும் 480ன்னு எழுதிக் குடுத்துட்டு டீ குடிக்கப் போயிடுவான்.

அடுத்தது சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பற வண்டிங்க. ஞாயித்துக்கிழமை வர்ற ஃபோன்ல பாதி இ-வே பில்லுக்குத்தான், ஜிஎஸ்டில சரக்கு வண்டிக்குப் போடற ஆன்லைன் பில் அது. வெளி மாநிலத்துக்குப் போற சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினா பில் வேணும், தமிழ்நாட்டுக்குள்ளயே போறதுக்கு 1 லட்சத்துக்கு மேல. 2021 ஜனவரில இருந்து சாதாரண லோடுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்னு வேலிடிட்டி, முதல் நாள் கணக்கு மறுநாள் நள்ளிரவோட முடியும். கோயம்புத்தூர் சுமார் 500 கிலோமீட்டர்னா மூணு நாள் கிடைக்கும், பொதுவா அது தாராளம், ஆனா லீவு நாள்ல அங்க இறக்க ஆள் இல்லாம வண்டி நின்னா அதுவும் பத்தாது. காலாவதி ஆகறதுக்கு எட்டு மணி நேரம் முன்னாடி இல்லைன்னா ஆனப்புறம் எட்டு மணி நேரத்துக்குள்ள எக்ஸ்டெண்ட் பண்ணலாம், வண்டி ரிப்பேராகி வேற வண்டில மாத்தினா அந்த பில்லோட பார்ட் பி-ல, அதாவது வண்டி விவரம் இருக்கற பகுதில, புது நம்பரை ஏத்தணும். இந்த ரெண்டையும் சூப்பர்வைசருக்கு சொல்லிக்குடுத்து லாகினும் அவருக்குத் தனியா போட்டுக் குடுத்துடுங்க, எல்லாமே உங்க ஃபோனுக்கு வர்ற ஓடிபில மாட்டிக்கிட்டு இருந்தா லீவுங்கறதே உங்களுக்குக் கிடையாது.

ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி விஷயமும் சொல்லிடறேன். லெட் ஆசிட் பேட்டரின்னா டிஸ்டில்டு வாட்டரை ஃபுல் சார்ஜ் ஆனப்புறம் ஊத்தணும், முன்னாடியே நிரப்பினா சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வெளில வழியும். பிளேட் வெளில தெரியற அளவுக்கு வத்தியிருந்தா மட்டும் அது முழுகற அளவுக்கு முதல்ல கொஞ்சம் ஊத்திக்கலாம். சார்ஜ் போடற இடத்துல ஹைட்ரஜன் வரும், அங்க ஜன்னலை மூடி வெச்சுட்டு பீடி பத்த வெக்கறவனை நான் ஒரு வார்த்தை கூட பேசாம வெளில அனுப்பிடுவேன், இதுல மட்டும் இரக்கமே கிடையாது.

மழையைப் பத்தி சென்னைக்காரங்களுக்கு விளக்கவே வேணாம், 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாமும் போதும். ஆகஸ்ட்லயே கூரை ஷீட், வாட்டர் பைப் எல்லாம் பாத்துடுங்க, அக்டோபர் வந்தா கீழ் ரேக்ல அட்டைப்பெட்டி சரக்கை வெக்காதீங்க, எதுவா இருந்தாலும் பேலட் மேலதான் இருக்கணும், சுவரை ஒட்டாம ஒரு ஒண்ணரை அடி தள்ளி.

ஆளுங்க விஷயத்துல ஒண்ணே ஒண்ணு. எனக்கு எதுக்கு ஃபோன் பண்ணலாம்னு ஒரு பேப்பர்ல எழுதி ஆஃபீஸ் கதவுல ஒட்டியிருக்கேன்: யாருக்காவது அடிபட்டா, தீப்பிடிச்சா, வண்டியை ஆஃபீசர் பிடிச்சா. மத்ததெல்லாம் சூப்பர்வைசர் முடிவு, அவர் எடுத்த முடிவு தப்பாவே இருந்தாலும் திங்கக்கிழமை லோடுமேனுங்க முன்னாடி அவரைத் திட்டக்கூடாது. திட்டினா அடுத்த வாரம் டேப் தீந்துபோச்சு சார்னு கூட உங்களுக்குத்தான் ஃபோன் வரும்.

இப்ப கேரம். நாள் பூரா தரைல நடந்து குதிகால் வலிக்கறவனுக்கு உக்காந்து ஆடற ஆட்டம்தான் சரி, அதுவும் கையெல்லாம் பவுடரா இருக்கும்போது ஃபோனை எடுக்க மனசு வராது. வடசென்னைல தெருவுக்குத் தெரு கிளப்பு இருக்கு, உலக சாம்பியன் மரிய இருதயம் ஆடின ஊரு இது, 2024ல அமெரிக்கால நடந்த உலகக் கோப்பைல மூணு தங்கம் ஜெயிச்ச காசிமா இந்தப் பக்கத்துப் பொண்ணு. புதுசா கிளப்புல சேரப்போறீங்கன்னா ரூல்ஸை முதல்ல தெரிஞ்சுக்கங்க, வீட்டுல ஆடற மாதிரி இல்ல: 25 பாயிண்ட் இல்லைன்னா எட்டு போர்டு (காயினை அடுக்கி ஆடற ஒரு ரவுண்டுக்குப் பேர்தான் போர்டு), எது முதல்ல வருதோ அதோட கேம் முடிஞ்சுது. ரெட்டுக்கு மூணு பாயிண்ட், ஆனா நீங்க 22ஐத் தொட்டுட்டா அந்த மூணு உங்களுக்குக் கிடையாது. ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல போகக்கூடாது.

வீட்டுக்கு போர்டு வாங்கறதா இருந்தா உள்ள 29 இஞ்ச் இருக்கற போர்டா பாத்து வாங்குங்க, சின்ன போர்டுல பழகின கை கிளப்புல போய் தடுமாறும். மழைக்காலத்துல ப்ளை ஈரம் இழுத்து காயின் பாதிலயே நின்னுடும், அதனாலதான் கிளப்புல போர்டுக்கு மேல தாழ்வா பல்பு தொங்கவிட்டிருப்பாங்க, வெளிச்சத்துக்கும் ஆச்சு ஈரம் வத்தறதுக்கும் ஆச்சு.

மாசத்தோட கடைசி ஞாயித்துக்கிழமை மட்டும் யார் கூப்பிட்டாலும் மேட்சுக்கு ஒத்துக்காதீங்க. அன்னிக்கு சேல்ஸ் டீம் டார்கெட்டுக்காக பாதி மாச பில்லை ஒரே நாள்ல போடும், கதவுல எந்தப் பேப்பர் ஒட்டியிருந்தாலும் ஒருத்தனும் படிக்க மாட்டான்.