நியூட்ரல் விழாத பைக்: கராஜுக்குக் கொண்டுபோக முன் வீட்டில் பார்க்க வேண்டியவை

சந்தியில் நிற்கும்போது ஒன்றிலிருந்து நியூட்ரலுக்குத் தட்டினால் இரண்டுக்குப் போகிறது. திருப்பி மிதித்தால் மறுபடி ஒன்று. பச்சை லைட் எரியவே மாட்டேன் என்கிறது. உங்கள் பைக் இப்படி அடம்பிடித்தால் 'கியர் பொக்ஸ் போயிட்டுது' என்று இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். அவசரப்பட்டு நம்ப வேண்டாம். பெரும்பாலும் குற்றம் கியரில் இல்லை, கிளச்சில்தான். அதிலும் முதல் சந்தேகம் கைப்பிடியிலிருந்து எஞ்சினுக்கு ஓடும் அந்தக் கேபிள் மேல் விழ வேண்டும். திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீடு என்றால் சொல்லவே வேண்டாம். உப்புக்காற்று கேபிளின் உள்ளே புகுந்து துருவை வளர்த்துவிடும்.

காரணம் இதுதான். இடக்கைக் கிளச் பிடியை முழுதாக அழுத்தியும் கிளச் பிளேட்டுகள் முற்றாகப் பிரியாவிட்டால், எஞ்சின் கியர் தண்டை மெல்ல இழுத்துக்கொண்டே இருக்கும். மறுமுனையிலே சில்லு அசையாமல் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் கியரின் பற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்கின்றன. நியூட்ரல் என்பது ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் ஆழமில்லாத ஒரு பள்ளம், அவ்வளவுதான். இறுகிய பற்களை விடுவிக்க நீங்கள் பலமாகத் தட்ட, அந்த வேகத்தில் பள்ளத்தைத் தாண்டி இரண்டில் போய் விழுகிறது. இது ஒன்று கீழே, மிச்சம் மேலே என்றிருக்கும் பல்சர் போன்ற பைக்குகளின் கதை. எல்லாக் கியரையும் முன்னால் மிதிக்கும் சிறிய பைக்குகளில் நியூட்ரல் ஓரத்தில் இருப்பதால் தாண்டிப் போகாது, ஆனால் கல்லாய் இறுகி நிற்கும்.

முதலில் சோதனை, பிறகுதான் ஸ்பனர்

எஞ்சினை நிறுத்துங்கள். ஒன்றில் போட்டு, பிடியை அழுத்தி, பைக்கை முன்னும் பின்னும் சற்று ஆட்டியபடி மெதுவாக நியூட்ரலுக்குத் தட்டுங்கள். லேசாக விழுந்தால் கியர் பெட்டி சுகமாக இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது கிளச் இழுப்பதுதான் பிரச்சினை. எஞ்சின் நின்றும் விழவில்லை என்றால் கால் லீவர் பக்கமோ உள்ளேயோ கோளாறு. லைட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பல்போ சுவிச்சோ பழுதாகியிருக்கலாம். பைக்கைத் தள்ளிப் பாருங்கள், தாராளமாக உருண்டால் நியூட்ரல்தான்.

இரண்டாவது சோதனைக்கு டபுள் ஸ்டாண்ட் போட வேண்டும். எஞ்சினை சூடாக்கி, பிடியை அழுத்தி, ஒன்றில் போடுங்கள். பின்சில்லு மெல்லச் சுற்றுவது வழமைதான். இனிப் பின் பிரேக்கை மெதுவாக அழுத்துங்கள். சில்லு நிற்க எஞ்சின் தொடர்ந்து ஓடினால் நல்லது. எஞ்சின் திணறினால் அல்லது அணைந்தால் கிளச் இழுக்கிறது என்று உறுதி. சிறுவர்களைத் தள்ளி நிறுத்துங்கள். சாரத்தோடு செய்ய வேண்டாம், செயினில் சிக்கும்.

கேபிள்: முக்கால்வாசி வேலை இங்கேதான்

கிளச் பிடியின் நுனியைப் பிடித்து மெல்ல இழுங்கள். கேபிள் இறுகத் தொடங்கும்வரை நுனி எவ்வளவு தூரம் சும்மா அசைகிறது? பல பைக்குகளில் 10 முதல் 20 மில்லிமீற்றர்வரை இருக்கலாம். உங்கள் பைக்கின் புத்தகத்தில் சொன்ன அளவே சரியான அளவு. அதைவிட அதிகம் லூஸ் என்றால் நீங்கள் முழுதாக அழுத்துவதாக நினைப்பது பிளேட்டுக்குப் பாதிதான் போய்ச் சேர்கிறது.

பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் லொக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை வெளிப்பக்கமாகத் திருப்பினால் லூஸ் குறையும். கொஞ்சம் திருப்பி, பார்த்து, மறுபடி திருப்புங்கள். அளவு வந்ததும் லொக் நட்டை இறுக்குங்கள். அட்ஜஸ்டரின் வெட்டும் பிடியின் வெட்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கக் கூடாது; நின்றால் கேபிள் ஒருநாள் நழுவி வெளியே வரும். மேலே திருப்ப இடமில்லை என்றால் அதை முழுக்க உள்ளே விட்டு, எஞ்சின் பக்கம் இருக்கும் நட்டில் சரிசெய்துவிட்டு மறுபடி மேலே வாருங்கள். கடைசியில் ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். லூஸ் மாறினால் கேபிள் எங்கோ மடிந்தோ சிக்கியோ ஓடுகிறது.

ஒரு ஆசை வரும்: லூஸே இல்லாமல் இறுக்கிவிட்டால் இன்னும் நன்றாக விழுமே என்று. செய்யாதீர்கள். அப்போது கிளச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கி, பிளேட் கருகும்.

சரிசெய்தும் பிடி கனமாக இருந்தால் கேபிளைக் கழற்றுங்கள். முனையில் ஓர் இழை அறுந்திருந்தாலும் புதிதுதான், யோசிக்க வேண்டாம். மூதூர் போய்த் திரும்பும் வழியில் அறுந்தால் பைக்கைத் தள்ளுவது நீங்கள்தான். இழைகள் நன்றாக இருந்தால் கேபிளைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல்முனையில் சிறிய பொலித்தீன் பையைக் கூம்புபோலக் கட்டி, எஞ்சின் ஒயில் சில துளி விடுங்கள். அடிமுனையில் அழுக்கு வடிந்து சுத்தமான ஒயில் வரும்வரை விட்டால் போதும். உள்ளே நைலோன் குழாய் உள்ள கேபிளுக்கு ஒயில் விட வேண்டாம். பிடி சுழலும் ஆணியையும் கழற்றித் துடைத்து, மெல்லிய கிரீஸ் பூசுங்கள். விழுந்து வளைந்த பிடி முழுத் தூரம் போகாது, அதையும் மாற்றிவிடுங்கள்.

ஒயிலும் ஸ்லோவும்

இந்தப் பைக்குகளின் கிளச் ஒயிலில் நனைந்தபடியேதான் வேலை செய்கிறது. பழைய, கருத்த, அளவுக்கு மீறிய, அல்லது கம்பனி சொன்னதைவிடத் தடித்த ஒயில் பிளேட்டுகளைப் பிரிய விடாது. பைக்கை நேராக நிறுத்தி, எஞ்சின் அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து மட்டத்தைப் பாருங்கள். சில பைக்குகளில் அளவுகோலைத் திருகாமல் வெறுமனே வைத்துப் பார்க்க வேண்டும். போத்தலில் ஜாஸோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (MA2) என்று, ஒயிலில் நனையும் கிளச்சுக்கான தரக்குறி இருக்கிறதா பாருங்கள். எம்பி (MB) என்றிருப்பது ஸ்கூட்டருக்கு. காருக்கு வாங்கி மிஞ்சியதை ஊற்றுவது வேறொரு வம்பு, அதில் கிளச் வழுக்கவும் கூடும்.

ஸ்லோ என்பது அக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் தானாக ஓடும் வேகம். அது அதிகமாக இருந்தாலும் இழுப்பு கூடும். சிறிய பைக்குகள் பலவற்றுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,400 சுற்றுகள் போதும். எஞ்சின் சூடான பிறகுதான் ஸ்லோவைக் குறைக்க வேண்டும்.

கால் லீவர்

எஞ்சின் நின்றும் நியூட்ரல் விழாதவர்கள் இங்கே வாருங்கள். லீவர் வளைந்து எஞ்சின் கவரில் உரசுகிறதா? தண்டில் பிடிக்கும் போல்ட் தளர்ந்து ஆடுகிறதா? இணைப்புக் கம்பி உள்ள பைக் என்றால் அதன் இரு மூட்டுகளிலும் கடற்கரை மணல் சேர்ந்திருக்கும். கழுவி, காயவைத்து, கிரீஸ் போடுங்கள். லீவர் உயரமாக நின்றால் செருப்புக்கால் அதைச் சரியாகத் தட்டாது. கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுங்கள்.

பழக்கமும் கொஞ்சம் உண்டு. நிற்க முன்பே, பைக் மெல்ல உருளும்போதே ஒவ்வொரு கியராய் இறக்கி நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். நின்ற பிறகு சிக்கினால் மிதித்து உடைக்காமல், பிரேக்கைப் பிடித்தபடி கிளச்சை ஒரு மயிரிழை விட்டு, விரல்நுனியால் தொடுவதுபோல் தட்டுங்கள். வெள்ளிக்கிழமை கோணேசர் கோவில் ஏற்றத்தில், சனத்துக்குப் பின்னால் அரைக் கிளச்சிலேயே ஊர்ந்து ஏறுகிறவர்கள் பிளேட்டைத்தான் சூடாக்குகிறார்கள். இடைவெளி விட்டு நின்று, வழி கிடைத்ததும் ஒரேயடியாக ஏறுவது மேல்.

இதற்கு மேல் கராஜ்தான்

கிளச் கவரைத் திறப்பது புதியவர்களுக்கான வேலை இல்லை. நடு நட்டைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும். இலங்கையில் வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு 2025இல்தான் மறுபடி திறந்தது என்பதால் நம் தெருக்களில் ஓடுவதில் பழைய பைக்குகள் அதிகம். பிளேட் தேய்ந்திருந்தால் ஆச்சரியமில்லை. மெக்கானிக்கிடம் 'கியர் விழுதில்லை' என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். 'எஞ்சின் நிப்பாட்டினா விழுது, ஓடேக்க விழேல்ல, கேபிளும் ஒயிலும் பாத்திட்டன்' என்றால் அவர் நேரே கிளச்சுக்குப் போவார். இரும்பு பிளேட்டுகளைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், வளைந்திருந்தால் ஓரத்தில் இடைவெளி தெரியும். பிளேட்டுகள் அமரும் கூடையின் விரல்களில் வெட்டுப் பள்ளங்கள் இருந்தால் பிளேட்டை மட்டும் மாற்றுவது வீண். எஞ்சின் நின்றும் விழாத பைக் என்றால், கியர் உருளையைப் பள்ளத்தில் நிறுத்திவைக்கும் ஸ்பிரிங்கையும் சிறு உருளியையும் பார்க்கச் சொல்ல வேண்டும். கவர் திறந்தால் கேஸ்கட் புதிது போட வேண்டும், புதிய பிளேட்டை ஒயிலில் ஊறவைத்தே மாட்ட வேண்டும். ஆகவே பைக்கைக் காலையிலேயே கொண்டுபோய் விடுங்கள்.