கும்பிடுபூச்சி வீரன்: திரி-கிரீன் பாத்திரம் உருவாக்கப் பழகுவோம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் மேசை விளையாட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மனிதனையோ எல்ஃபையோதான் எடுப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த இனம் திரி-கிரீன். கும்பிடுபூச்சி முகம், நான்கு கை, உடம்பு முழுக்க ஓடு. 1983இல் மான்ஸ்டர் மேனுவல் என்ற உயிரின நூலின் இரண்டாம் தொகுதியில் வந்தது. 1991இல் டார்க் சன் என்ற கதைக்களம் வந்தபோது, அத்தாஸ் என்ற வறண்ட உலகத்தின் வேட்டைக்காரர்களாகப் பெயர் எடுத்தது. பூச்சி முகமூடி போட்ட மனிதனாக ஆடுவதென்றால் இந்த இனத்தை எடுக்கவே வேண்டாம். உடம்பும் பேச்சும் வேறு என்பதுதான் இதன் சுவை.

கீழே இருப்பது 2022இல் இந்த விளையாட்டுக்கு வந்த ஸ்பெல்ஜாமர் தொகுப்பின் விதிப்படி.

படி 1: பூச்சியைப் பாருங்கள்

பாத்திரத்தின் விவரம் எழுதும் தாளான கேரக்டர் ஷீட்டைப் பிறகு நிரப்பலாம். வெள்ளவத்தை மொட்டைமாடிப் பூச்சாடியிலோ விகாரமாதேவி பூங்காச் செடியிலோ ஒரு கும்பிடுபூச்சி கண்ணில் பட்டால், தொடாமல் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். உடம்பு அசையாது, முக்கோணத் தலை மட்டும் திரும்பும். பெரிய கண்ணுக்குள் ஒரு கரும்புள்ளி, நீங்கள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கூடவே வரும். அது கண்மணி இல்லை. கூட்டுக்கண்ணில் உங்களுக்கு நேரே இருக்கும் சிறுகண்கள் வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொள்வதால் அந்த இடம் கறுப்பாகத் தெரிகிறது. இரண்டு பெரிய கண்களுக்கு நடுவே இன்னும் மூன்று சின்னக் கண்கள் உண்டு.

அந்த முகத்தில் சிரிப்பும் வராது, கோபமும் தெரியாது. ஆகவே கொப்பியில் இரண்டு வரி எழுதி வையுங்கள்: கோபம் வந்தால் உங்கள் வீரனின் உணர்கொம்பு என்ன செய்யும்? பயம் வந்தால் தலை எந்தப் பக்கம் சாயும்?

படி 2: கவசம் வாங்காதீர்கள்

ஓடே கவசம். கவசம் எதுவும் அணியாதபோது ஆர்மர் கிளாஸ் (உங்களைத் தாக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 13, அதோடு டெக்ஸ்டெரிட்டி என்ற சுறுசுறுப்பு எண் தரும் கூடுதல். டெக்ஸ்டெரிட்டி 16 என்றால் கூடுதல் 3, மொத்தம் 16. லேசான தோல் கவசம் எதுவும் இதைத் தாண்டாது. உடம்பைக் காக்கும் மேஜ் ஆர்மர் மந்திரமும் அதே 13இலிருந்துதான் தொடங்கும், அதனால் அது வீண். பாத்திர வகைகளில் ரேஞ்சர் (காட்டு வேட்டைக்காரன்), ரோக் (மறைந்து தாக்குபவன்) இரண்டும் நன்றாகப் பொருந்தும். ஒரு ஆக்‌ஷன் (உங்கள் முறை வரும்போது செய்யும் ஒரு செயல்) செலவழித்து ஓட்டின் நிறத்தைச் சுற்றுப்புறத்துக்கு ஏற்றபடி மாற்றினால், அங்கே ஒளியும்போது பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுக்கலாம்.

படி 3: நான்கு கை, நான்கு தாக்குதல் இல்லை

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். கீழ்க்கைகள் கொஞ்சம் சின்னவை. கதவு திறக்கும், சின்னப் பொருளை எடுக்கும், லைட் (இலேசான) வகை ஆயுதம் பிடிக்கும். கேடயம் பிடிக்காது. தாக்குதலின் எண்ணிக்கையும் அதிகரிக்காது. ஆனால் மேல்கைகளில் வில் இருக்கும்போதே கீழ்க்கையில் ஒரு கத்தி தயாராக இருக்கலாம். எதிரி கிட்ட வந்தால் வில்லைக் கீழே போட வேண்டியதில்லை.

படி 4: பேச்சு

மந்திர உதவி இல்லாமல் திரி-கிரீன் மற்ற இனங்களின் மொழியைப் பேசாது. கண்ணுக்குத் தெரிகிற, சம்மதிக்கிற ஒருவருக்கு 120 அடிக்குள் எண்ணத்தை அனுப்பும். மொழி பொதுவாக இருக்க வேண்டியதில்லை. கேட்பவருக்கு ஏதோ ஒரு மொழி விளங்கினால் போதும்.

எங்கள் கொழும்பு மேசைகளில் ஒரே வசனத்தில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து ஓடும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் உங்கள் வீரனின் எண்ணம் எப்படி ஒலிக்க வேண்டும்? நீட்டி முழக்காமல் துண்டு துண்டாக அனுப்புங்கள். "உள்ளே போகாதீர்கள், மூன்று பேர் ஒளிந்திருக்கிறார்கள்" என்பதற்குப் பதிலாக, "வாசல். மூன்று மூச்சு. இரும்பு வாசம்." மேசையே ஒரு கணம் திரும்பிப் பார்க்கும்.

சம்மதம் என்ற சொல்லையும் மறக்காதீர்கள். கோட்டைக் காவலாளி மனதைத் திறக்க மறுத்தால் உங்களால் அவனிடம் கதைக்கவே முடியாது. உங்களுக்காக வாய் திறக்கப் போவது குழுவில் யார் என்று முதல் ஆட்டத்துக்கு முன்பே பேசி வையுங்கள்.

படி 5: இரவு

திரி-கிரீனுக்குத் தூக்கம் தேவையில்லை. நீண்ட ஓய்வு முழுக்க விழித்திருக்கும். கடினமான வேலை மட்டும் செய்யக் கூடாது. இரவுக் காவலை நீங்களே கேட்டு வாங்குங்கள். இந்த இனத்தின் ஆயுள் 30 வருடம் அளவுதான். அதில் ஒரு இரவைக்கூடத் தூங்கிக் கழிக்காத ஒருவன், எட்டு மணி நேரம் அசையாமல் கிடக்கும் நண்பர்களைப் பார்த்து என்ன நினைப்பான்? அந்த ஒரு கேள்விக்கான பதிலை ஷீட்டின் பின்பக்கம் எழுதுங்கள்.

அப்புறம், ஸ்பெல்ஜாமர் இனங்களுக்கு அனுமதி உண்டா என்று ஆட்டத்தை நடத்தும் உங்கள் டன்ஜன் மாஸ்டரிடம் கேட்டுவிட்டுப் பெயர் வையுங்கள்.