கிளியார்கோஸ் அழுத கதை: பழங்கிரேக்க வினைநோக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கி.மு. 401. பாரசீக இளவரசன் சைரஸ் தன் அண்ணனான பேரரசன் மீது படையெடுத்துப் போகிறான். கூலிக்கு வந்த கிரேக்கப் படைக்குத் தார்சூஸ் ஊரில் சந்தேகம் வந்துவிடுகிறது. இனி ஓரடிகூட நகரமாட்டோம் என்று நின்றுவிடுகிறார்கள். தளபதிகளில் ஒருவனான ஸ்பார்ட்டாக்காரன் கிளியார்கோஸ் முதலில் மிரட்டுகிறான், பலிக்கவில்லை. அப்புறம் படையைக் கூட்டி அவர்கள் முன்னால் நின்று அழுகிறான்.

பழங்கிரேக்க எழுத்தாளர் செனஃபோனின் ‘அனபசிஸ்’ என்ற வரலாற்று நூலில் முதல் புத்தகம், மூன்றாம் அத்தியாயம் இப்படித்தான் தொடங்குகிறது. கிரேக்கம் படிப்பவர்கள் முதல் வருடத்திலேயே தொடும் பகுதி. வினைச்சொற்களில் நாம் சறுக்குகிற இடமெல்லாம் இந்தச் சில வரிகளுக்குள் வந்துவிடுவதால், இதையே பிடித்துக்கொண்டு போகிறேன். (கிரேக்கச் சொற்களின் ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் கிட்டத்தட்டத்தான் காட்ட முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அடிப்படை இதுதான். கிரேக்க வினைக்கு மூன்று முக்கிய அடிகள், அதாவது வினை வடிவங்கள் பிறக்கும் மூலங்கள், உண்டு. நிகழ்கால அடி, செயலை உள்ளேயிருந்து, நடந்துகொண்டிருப்பதாகப் பார்க்கும். அயோரிஸ்ட் அடி, தொடக்கமும் முடிவும் சேர்ந்த ஒரே உருப்படியாக வெளியிலிருந்து பார்க்கும். பெர்ஃபெக்ட் அடி, செயல் விட்டுச்சென்ற நிலையைப் பார்க்கும். இப்படிப் பார்க்கிற விதத்தைத்தான் வினைநோக்கு என்கிறோம்.

முதல் தவறு இங்கேயே நடக்கும். நீண்ட செயல் என்றால் நிகழ்கால அடி, சட்டென்று முடிகிற செயல் என்றால் அயோரிஸ்ட் என்று மனதில் ஒரு சூத்திரம் உட்கார்ந்துவிடும். செனஃபோனைப் பாருங்கள். சைரஸும் படையும் தார்சூஸில் இருபது நாள் தங்கினார்கள் என்கிறார். வினை ‘எமெய்னென்’, அயோரிஸ்ட். இருபது நாள் என்ன நொடிப்பொழுதா? நான்கு வரி தள்ளி கிளியார்கோஸ் ‘வெகுநேரம்’ அழுதான் என்னும்போது வினை ‘எதக்ரூயெ’, அதாவது நிகழ்கால அடியில் பிறந்த இறந்தகாலமான இம்பெர்ஃபெக்ட். எவ்வளவு அழுதாலும் இருபது நாளுக்குப் பக்கத்தில் வராது. ஆகவே கடிகாரம் இதைத் தீர்மானிப்பதில்லை. இருபது நாள் தங்கியது செனஃபோனுக்கு ஒரு தகவல், அதை மொத்தமாகக் கட்டி ஓரமாக வைத்துவிடுகிறார். அழுகையோ நாம் நின்று பார்க்கவேண்டிய காட்சி.

இந்தத் தவறின் பக்திமயமான வடிவம் ஒன்று உண்டு. புதிய ஏற்பாட்டை விளக்குபவர்கள் சிலர் அயோரிஸ்டைக் கண்டதும் ‘ஒரே தடவை, என்றென்றைக்குமாக முடிந்த செயல்’ என்று அடித்துச் சொல்வார்கள். ஃபிராங்க் ஸ்டாக் என்ற அமெரிக்க அறிஞர் இதைக் கண்டித்து 1972இலேயே ஒரு கட்டுரை எழுதினார். பழக்கம் இன்னும் போனபாடில்லை. யோவான் 2:20இல் எருசலேம் தேவாலயம் நாற்பத்தாறு வருடம் கட்டப்பட்டது என்று வருகிறது. அந்தக் ‘கட்டப்பட்டது’ அயோரிஸ்ட்தான். ‘அயோரிஸ்தோஸ்’ என்ற சொல்லுக்கே வரையறுக்கப்படாதது என்றுதான் பொருள். பெயரிலேயே ‘நான் எதையும் குறிப்பாகச் சொல்லவில்லை’ என்று எழுதி ஒட்டியிருக்கிற வடிவத்தின் தலையில் இவ்வளவு இறையியலை ஏற்றுவது பாவம்.

அடுத்தது, அயோரிஸ்ட் என்றால் இறந்தகாலம் என்ற எண்ணம். செய்தி சொல்லும் வினைமுற்றில் மட்டும்தான் அது பெரும்பாலும் இறந்தகாலம். முன்னால் ஒட்டும் ‘எ’ என்ற எழுத்துதான் அங்கே காலத்தைக் காட்டும். ‘எ’ இல்லாத ஏவலிலும் ‘செய்ய’ என்கிற வகை எச்சத்திலும் வினைநோக்கு மட்டுமே மிஞ்சும். பரமண்டல ஜெபத்தில் அப்பம் கேட்கும் வரி இதற்கு நல்ல சான்று. மத்தேயுவில் ‘இன்று’ தரச் சொல்கிற ஏவல் ‘தோஸ்’, அயோரிஸ்ட். லூக்காவில் ‘அன்றன்றும்’ தரச் சொல்வது ‘திதூ’, நிகழ்கால அடி. இரண்டுமே இனி நடக்கவேண்டியவை. தமிழில் இரண்டு இடத்திலும் ‘தாரும்’ என்று ஒன்றுபோல வந்துவிடுவதால் வித்தியாசம் நம் கண்ணுக்குப் படுவதில்லை.

சரி, கிளியார்கோஸிடம் திரும்பலாம். அவன் வீரர்களைக் கிளம்பச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதற்குச் செனஃபோன் போட்ட வினை ‘எபியாஸெதோ’, இம்பெர்ஃபெக்ட். நான் படிக்கத் தொடங்கிய காலத்தில் இதைக் ‘கட்டாயப்படுத்திக்கொண்டிருந்தான்’ என்று எழுதினேன். இம்பெர்ஃபெக்ட் என்றால் ‘கொண்டிருந்தான்’, அயோரிஸ்ட் என்றால் ‘விட்டான்’ என்று நோட்டில் ஒரு பட்டியலே வைத்திருந்தேன். அந்தப் பட்டியல்தான் என்னை அதிகம் கெடுத்தது. உள்ளேயிருந்து பார்க்கும்போது செயலின் முடிவு கண்ணில் படாது, கைகூடியதா இல்லையா என்று தெரியாது. அதனால் இம்பெர்ஃபெக்ட் பல இடங்களில் வெறும் முயற்சியாகவே நிற்கும். இதற்குத் தமிழில் அச்சாக ஒரு துணைவினை இருக்கிறது: கட்டாயப்படுத்திப் பார்த்தான். ‘சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை’ என்கிறோமே, அந்தப் ‘பார்’.

அடுத்த சில சொற்களில் அவன் மீதும் அவன் பொதிவிலங்குகள் மீதும் கல் விழுகிறது. அவை நகரத் தொடங்கும்போதெல்லாம் எறிந்தார்களாம், ‘எபல்லோன்’. இங்கே அதே இம்பெர்ஃபெக்டுக்குத் திரும்பத் திரும்ப என்று பொருள். கல்லடியில் சாகாமல் மயிரிழையில் தப்பியது ‘எக்ஸெஃபுகெ’, அயோரிஸ்ட். அப்புறம் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கட்டாயப்படுத்த முடியாது என்று அவன் உணர்ந்தான் என்னும்போது, முன்பு இம்பெர்ஃபெக்டில் வந்த அதே வினை இப்போது ‘பியாஸஸ்தை’ என்று அயோரிஸ்ட் எச்சமாக வருகிறது. முயற்சி செய்யத்தான் முடிந்தது, சாதிக்க முடியவில்லை. ஒரே வினையின் இரண்டு அடிகளுக்குள் அவனுடைய தோல்வி அடங்கிவிட்டது.

ஆக, ஒரே இம்பெர்ஃபெக்ட் ஓரிடத்தில் முயற்சி, ஓரிடத்தில் மறுபடி மறுபடி, ஓரிடத்தில் நீண்டு செல்லும் அழுகை. இந்த வேறுபாடுகளை வடிவத்தின் தலையில் கட்டுவது இன்னொரு தவறு. வினையின் சொந்தக் குணமும் சூழலும் வினைநோக்கோடு கலந்துதான் இவை பிறக்கின்றன. அப்படிப் பிறப்பதைச் செயல்வகை என்று தனியாக வைத்துக்கொள்வது நல்லது. பழைய இலக்கண நூல்கள் இரண்டையும் ஒரே பெயரில் அழைத்ததால் வந்த குழப்பம் இன்னும் பல பாடப்புத்தகங்களில் இருக்கிறது. யோவான் 11:35இல் இயேசு அழும்போது வினை ‘எதக்ரூஸென்’, அயோரிஸ்ட். அழுகை இயல்பாகவே நீளக்கூடிய செயல் என்பதால், அதை அயோரிஸ்டில் போட்டதும் ‘அழத் தொடங்கினார், கண்ணீர் பெருகியது’ என்ற சாயல் ஏறுகிறது. தமிழ் வேதாகமத்தில் இருக்கும் ‘கண்ணீர் விட்டார்’ இதற்கு நன்றாகவே பொருந்துகிறது.

பெர்ஃபெக்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதை இன்னொரு இறந்தகாலமாக மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். கிளியார்கோஸ் ‘ஹெஸ்தோஸ்’ அழுதான் என்றால் நின்றுவிட்டு அழுதான் என்றல்ல, நின்றபடி அழுதான். ‘தெத்னேகெ’ என்பதும் ‘செத்தான்’ அல்ல, ‘செத்துக்கிடக்கிறான்’.

விதியை மிகையாகப் பிடித்துக்கொள்வதும் தவறுதான். அனபசிஸின் முதல் வாக்கியத்தில் சைரஸின் தந்தை தாரியுஸுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்ததைச் செனஃபோன் நிகழ்கால வினையில் சொல்கிறார். கதைக்கு உயிர் கொடுக்கும் வழக்கம் அது. ‘பிறந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். ‘செய்யாதே’ என்ற விலக்கு நிகழ்கால அடியில் வந்தால் ‘செய்வதை நிறுத்து’ என்று பொருள் என ஒரு விதி சொல்லித் தருவார்கள். எபேசியர் 5:18இல் குடித்து வெறிக்காதீர்கள் என்பது அந்த வடிவம்தான். அதை வைத்து எபேசு சபையே போதையில் கிடந்தது என்று முடிவுகட்ட முடியுமா?

சில இடங்களில் விதி சரியாகவே பொருந்தும். கிளியார்கோஸ் அழ, வீரர்கள் வியந்தபடி வாயடைத்து நிற்கிறார்கள், இரண்டு வினையும் இம்பெர்ஃபெக்ட். அவன் கண்ணீரோடு பேச்சைத் தொடங்கும்போது ‘மே தௌமாஸெதெ’ என்கிறான், வியக்காதீர்கள். நிகழ்கால அடி. அவர்களோ அதற்குள் வியந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.