புதுக் கிணற்றின் முதல் குவளைத் தண்ணீர்

புதுக் கிணறு வெட்டியதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. தவளை குதித்தால்? பக்கத்து வீட்டுப் பூனை எட்டிப் பார்த்தால்? இரவில் டார்ச்சுடன் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். தவளை என்னைப் பார்த்துத்தான் பயந்தது.

உண்மையில் கவலைப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாதவற்றைப் பற்றி. பளிங்குபோல் தெளிந்த நீரிலும் கோலிஃபார்ம் கிருமி இருக்கலாம். கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் குறைந்தது 15 மீட்டர் இடைவெளி வேண்டும். வெட்டி முடித்ததும் குளோரின் கலந்து, 12 முதல் 24 மணி நேரம் விட்டு, வாசனை போகும்வரை இறைத்துவிடுங்கள். ஓரிரு வாரம் கழித்து ஆய்வகத்தில் கொடுங்கள். கிருமியோடு நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்சனிக் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை கொதிக்கவைத்துக் குடிக்கலாமே என்பார்கள். கிருமி சாகும், சரி. ஆனால் நைட்ரேட் போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்குப் பால் கலக்க அந்த நீர் வேண்டவே வேண்டாம்.

கைப்பிடிச் சுவரும் இறுக்கமான மூடியும் அவசியம். பூனைக்காக அல்ல, குழந்தைகளுக்காக. (பூனை இப்போது மூடிமேல்தான் தூங்குகிறது.) அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும், வெள்ளம் வந்தால் உடனேயும் நீரைச் சோதியுங்கள்.