புதுப் புடவைக்கு முன்னால் பீரோவைத் திறங்க

தருமபுரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆடித் தள்ளுபடி போர்டு கட்டியதும் கடைக்கு வருகிற பெண்கள் பேச்சு ஒன்றுதான்: "அக்கா, விசேஷத்துக்கு உடுத்திக்க ஒண்ணுமே இல்ல." பீரோவில் புடவை அடுக்கடுக்காக இருக்கும். ஆனாலும் அவர்கள் சொல்வது பொய் இல்லை.

நான் பார்த்தவரை, பாதிப் புடவைகள் முடங்கிக் கிடப்பதற்குக் காரணம் ப்ளவுஸ். புடவை அப்படியேதான் இருக்கிறது, உடம்புதான் மாறிவிட்டது. கை இறுக்குகிறது, கொக்கி எட்டவில்லை. இல்லையென்றால் ப்ளவுஸ் பிட் வெட்டாமல் புடவையோடவே இருக்கிறது. அதனால், வாங்கணும் என்று மனசு அரிக்கும்போது முதலில் பீரோவிலிருந்து இந்த மாதிரிப் புடவைகளைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ப்ளவுஸை உள்பக்கம் திருப்பி, அக்குளுக்குக் கீழே பாருங்கள். பக்கத்தில் இரண்டு மூன்று தையல் வரிசையாக ஓடியிருக்கும், அதையும் தாண்டித் துணி விட்டிருக்கும். உடம்பை ஒட்டிய தையலை மட்டும் பிரித்தால் அடுத்த தையல் வரை இடம் கிடைக்கும். ஒவ்வொரு பக்கமும் அரை இஞ்ச் விட்டாலே, முன்துண்டிலும் பின்துண்டிலும் சேர்த்து சுற்றளவில் 2 இஞ்ச் கூடும். கைத் தையலையும் அதே மாதிரி விடலாம். பட்டில் பழைய தையல் தடம் தெரியும்தான், கைக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள்? உள்ளே துணியே விடாமல் வெட்டித் தைப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஒரு புடவையின் ஆயுசையே குறைத்துவிடுகிறார்கள்.

அடுத்தது போன். ராத்திரி வேலை முடிந்து படுத்தபடி பார்க்கும் நேரம்தான் ஆபத்து. சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊர்ப் புடவை விற்கிற வாட்ஸ்அப் குரூப் நடத்துவது நாத்தனாராகவோ பக்கத்து வீட்டு அக்காவாகவோ இருக்கும். வெளியேறினால் மனஸ்தாபம், அதனால் மியூட் போட்டுவிடுங்கள். ஆப்பில் கார்டு நம்பரைச் சேமிக்காதீர்கள். "இன்னும் 2 பீஸ்தான்" என்று காட்டினால் பதற வேண்டாம். இல்லாத அவசரத்தை உண்டாக்கி விற்பது உட்பட 13 தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே தடை செய்திருக்கிறது. ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம்.

இருக்கிற புடவைகளை போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. கடையில் ஒன்று பிடித்தால் அந்தப் படங்களைத் தள்ளிப் பாருங்கள். நமக்குப் பிடிக்கிற நிறம் வருஷா வருஷம் மாறாது. அதே அரக்கும் அதே மாம்பழ மஞ்சளும் வீட்டில் ஏற்கெனவே இருக்கும்.

தீபாவளிக்கும் தங்கச்சி கல்யாணத்துக்கும் வாங்குவதை நான் தடுக்கவே மாட்டேன். வாங்கினால் அந்த வாரமே ப்ளவுஸ் பிட்டைத் தைக்கக் கொடுத்துவிடுங்கள். பழைய அளவு ப்ளவுஸை நம்பாமல் நேரில் வந்து அளவு கொடுங்கள். பக்கத்துக்கு ஒரு இஞ்ச் துணி உள்ளே விடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.