பேராசிரியரிடம் எல்.ஓ.ஆர். கேட்டு மெயில் எழுதுவது எப்படி?

அமெரிக்கப் பல்கலைகள் பலவற்றில் எம்.எஸ். விண்ணப்பத்துக்கு டிசம்பர்தான் கெடு. அதற்குள் எல்.ஓ.ஆர். எனப்படும், பேராசிரியர்கள் தரும் பரிந்துரைக் கடிதங்களும் போய்ச் சேர வேண்டும். அக்டோபரிலேயே கேட்டுவிடுங்கள். செமஸ்டர் தேர்வு, பேப்பர் திருத்துவது என்று ஆரம்பித்துவிட்டால் அவர்களைப் பிடிக்க முடியாது.

1. பள்ளி நாளில் விளையாட்டாகத் தொடங்கிய 'கிங்', 'ஏஞ்சல்' ஐடிகள் வேண்டாம். கல்லூரி ஐடியிலிருந்து அனுப்புங்கள்.

2. சப்ஜெக்ட்டில் 'ஹாய் சார்', 'அவசரம்' என்று போடாமல், 'எல்.ஓ.ஆர். வேண்டுகோள்' என்று எழுதி, உங்கள் பெயரையும் பேட்ச்சையும் சேருங்கள்.

3. அடுத்து கடிதம். ஆண்டுக்கு ஒரு பேட்ச் பார்ப்பவருக்கு உங்கள் முகம் ஞாபகம் இருக்கலாம், பெயர் இருக்காது. அதனால் இப்படித் தொடங்குங்கள்:

"மதிப்பிற்குரிய மேடம், நான் சிஎஸ்இ 'பி' செக்‌ஷன், 2022–26 பேட்ச். ஐந்தாம் செமஸ்டரில் உங்களிடம் நெட்வொர்க்ஸ் படித்தேன். மினி புராஜெக்ட்டுக்கும் நீங்கள்தான் கைடு. எம்.எஸ். படிக்க நான்கு பல்கலைகளுக்கு விண்ணப்பிக்கிறேன். எனக்குப் பரிந்துரைக் கடிதம் தர இயலுமா? முதல் கெடு டிசம்பர் 1. மார்க் பட்டியல், ரெஸ்யூமே, புராஜெக்ட் ரிப்போர்ட் இணைத்துள்ளேன்."

கீழே பெயர், பதிவு எண், செல் நம்பர். ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசைதான். 'ஆவன செய்யுமாறு பணிவன்புடன்' என்றெல்லாம் நீட்டினால் தாலுகா ஆபீஸ் மனு மாதிரி ஆகிவிடும். 'தர இயலுமா' என்று கேட்பதில் ஒரு வசதி: விருப்பமில்லாதவர் மறுத்துவிடலாம். அரைமனதாக எழுதிய கடிதம் உங்களுக்குத்தான் பாதகம்.

4. ஃபைல்களை முதலில் இணைத்துவிட்டு, பெறுநர் முகவரியைக் கடைசியில் போடுங்கள். ஜிமெயில் செட்டிங்ஸில், அனுப்பிய மெயிலைத் திரும்பப் பெற உதவும் 'அன்டூ செண்ட்' நேரத்தை 30 விநாடியாக மாற்றி வைத்தால் இன்னும் நல்லது.

5. சம்மதம் வந்ததும், விண்ணப்பத்தில் அவருடைய எந்த ஐடியைக் கொடுக்கலாம் என்று கேளுங்கள். கடிதத்தை அப்லோட் செய்வதற்கான லிங்க் அதற்குத்தான் போகும். ஜிமெயிலைவிடக் கல்லூரி ஐடியையே பல பல்கலைகள் விரும்புகின்றன. லிங்க் ஸ்பாமில் விழலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

'நீயே டிராஃப்ட் எழுதி அனுப்பு' என்பார்கள் சிலர். நம் கல்லூரிகளில் இது சகஜம்தான், ஆனால் சரியில்லை. நீங்கள் செய்த வேலைகளை ஐந்தாறு வரிகளில் குறிப்பாக அனுப்புங்கள். கடிதத்தை அவரே எழுதட்டும்.

6. ஒரு வாரம் பதில் இல்லையா? அதே மெயிலுக்கு ரிப்ளை போட்டு, இரண்டு வரியில் கெடு தேதியை மட்டும் ஞாபகப்படுத்துங்கள். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் கேள்விக்குறி அனுப்பும் வேலை வேண்டாம். அந்த ரிப்ளைக்கும் பதில் இல்லையென்றால் டிபார்ட்மென்ட்டுக்கே போய்ப் பாருங்கள்.