பாதரச பேட்டரி இல்லாமல் லைக்கா எம்5

1971இல் வந்து நான்கே ஆண்டுகளில் தயாரிப்பு நின்றுபோன கேமரா. செங்கல் என்று கேலி செய்தார்கள். எனக்கு அந்தக் கனம்தான் பிடித்தது. சிங்கப்பூர் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் எம்5 கண்ணில் பட்டால் முதலில் வெளிச்சம் அளக்கும் மீட்டரைப் பாருங்கள்.

அது கேட்பது 1.35 வோல்ட் பாதரச பேட்டரி, இப்போது தயாரிப்பதில்லை. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் மீட்டர் கூடுதல் வெளிச்சம் காட்டும், படம் இருட்டாகிவிடும். காதுக் கருவிக்கான 675 பேட்டரி வாங்குங்கள். 1.4 வோல்ட்தான், வித்தியாசம் சொற்பம். ஸ்டிக்கரை உரித்து, காற்று உள்ளே போகச் சில நிமிடம் விட்டு, உருவத்தில் சிறியது என்பதால் அடாப்டர் வளையத்தோடு பக்கவாட்டு அறையில் போடுங்கள். சில மாதங்களில் தீர்ந்துவிடும், விலை மலிவுதான்.

நல்ல வெயிலில், ஃபிலிமின் ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 200 என்று வைத்து, தேக்கா பக்கம் வெயில் நேராக விழும் சுவரை அளந்துபாருங்கள். லென்ஸ் திறப்பு எஃப்16க்கு ஷட்டர் வேகம் 1/250 நொடி வரவேண்டும். நம்மூர் வானம் மங்கலாக இருந்தால் எஃப்11.

ஃபிலிமை நகர்த்தியதும் மீட்டரின் உணரியைத் தாங்கும் சிறு கை லென்ஸுக்குப் பின்னால் எழும். அதனால் மடங்கும் லென்ஸை உள்ளே தள்ளவே தள்ளாதீர்கள், அந்த மீட்டர் கை உடையும். வீட்டில் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினெட்டில் வையுங்கள், ஈரப்பதம் 45 சதவீதம்.